போலந்து பியெரோகி: எங்கே சாப்பிடுவது, வீட்டில் எப்படிச் செய்வது, கூட என்ன வைப்பது?

கிராக்கோவ்_புதுசு

எல்லாருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் கிராக்கோவ் வந்து சேர்ந்திருக்கோம். ரெண்டு பேரும் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். பெரிய சதுக்கத்துப் பக்கம் ஒரு உணவகத்தில் உருளைக்கிழங்கு பியெரோகி (பூரணம் வச்சு வேகவைக்கிற, நம்ம கொழுக்கட்டை மாதிரிப் பண்டம்) கேட்டு வாங்கினோம். மேலே பொன்னிறமா என்னமோ தூவி வந்தது. வெங்காயம்னு பார்த்தா, வறுத்த பன்றிக்கொழுப்பு. விலையும் ரொம்ப அதிகம்.

அதனால கேட்கிறேன். நியாய விலையில் நல்ல பியெரோகி எங்கே கிடைக்கும்? சைவமா வாங்க என்ன சொல்லணும்? வீட்டில் செய்யணும்னா எதை வாங்கி வைக்கணும்? முக்கியமா, இதுக்குத் தொட்டுக்க என்ன? வெறும் தட்டா வந்ததைப் பார்த்து மனைவிக்கு ஏமாற்றம்.

வார்சாவாசி

வாங்க நண்பரே. சதுக்கத்தை விட்டு ரெண்டு தெரு தள்ளிப் போங்க, விலை தானா இறங்கும்.

நீங்க தேட வேண்டியது பார் ம்லெச்னி. "பால் பார்"னு சொல்லலாம். பாருன்னாலும் மது கிடையாது. 1896இல் வார்சாவின் நோவி ஷ்வியாத் தெருவில் முதல் கடை திறந்தாங்க. பால், முட்டை, மாவுப் பண்டம் மலிவா விற்கிற இடம். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் ஊர் ஊரா பெருகி, பிறகு நிறைய மூடினாங்க. மிச்சமிருப்பதுக்கு இன்னும் அரசு மானியம் உண்டு. அந்த மானியம் பால், மாவு, காய்கறி, முட்டை சேர்ந்த சாப்பாட்டுக்குத்தான், இறைச்சிக்கு இல்லை. நமக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேற எந்த நாட்டில் இருக்கு சொல்லுங்க!

கிராக்கோவில் க்ரோத்ஸ்கா தெருவில் "போத் தெமிதோன்" இருக்கு. டிராம் ஏறி நோவா ஹூத்தா போனா "சென்த்ரால்னி". வார்சா வந்தா மார்ஷவ்கோஃப்ஸ்கா தெரு "ப்ராஸோவி" என் விருப்பம், "பம்பினோ"வும் நல்லா இருக்கும். வ்ரோத்ஸ்வாஃபில் "மிஷ்", க்தான்ஸ்கில் "நெப்துன்". முதலில் கல்லாவில் சொல்லிப் பணம் கட்டணும். ரசீதைச் சமையலறை ஜன்னலில் நீட்டினா தட்டு வரும். சாப்பிட்டு முடிச்சு தட்டை இன்னொரு ஜன்னலில் நாமே திருப்பி வைக்கணும். சாயங்காலம் சீக்கிரமே மூடிடுவாங்க, மதியச் சாப்பாட்டுக்குப் போங்க.

மெனுவில் "பியெரோகி ருஸ்கியே"ன்னு தேடுங்க. உருளைக்கிழங்கு, த்வாருக் (புளிப்புப் பால்கட்டி), வறுத்த வெங்காயம் சேர்ந்த பூரணம். ருஸ்கியேக்கும் ரஷ்யாவுக்கும் சம்பந்தமில்லை, இன்றைய மேற்கு உக்ரைன் பக்கத்துப் பழைய நாட்டுப்பெயர் அது. 2022 போருக்குப் பிறகு சில கடைகள் "உக்ராயின்ஸ்கியே"ன்னு எழுதிட்டாங்க. ரெண்டும் ஒரே பண்டம்தான்.

அந்தக் கொழுப்புத் துண்டுக்குப் பேர் ஸ்க்வார்கி. "பெஸ் ஸ்க்வாரெக், ஸ் மாஸ்வெம்"னு சொல்லுங்க: அது வேண்டாம், வெண்ணெய் போதும்னு அர்த்தம். வெங்காயத்தையும் சில இடத்தில் ஸ்மாலெத்ஸ் என்கிற பன்றிநெய்யில்தான் வதக்குவாங்க. அதனால "நா மாஷ்லே?" (வெண்ணெயிலா?)ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

காரசாரம்

போலந்து வந்து ரெண்டு குளிர்காலம் பார்த்தாச்சு. உண்மையைச் சொல்றேன், பியெரோகி சப்புன்னு இருக்கும். பூரணத்தில் பச்சைமிளகாய், இஞ்சி, கொத்தமல்லி போட்டு, மேலே கடுகு தாளிச்சுக் கொட்டினாத்தான் எனக்கு இறங்குது.

வ்ரோத்ஸ்வாஃப்_அக்கா

தம்பி காரசாரம், அதுக்குப் பேர் மசாலா போண்டா பூரணம். உங்க வீட்டில் தாராளமா செய்யுங்க. ஆனா புதுசா வந்தவங்க முதலில் ஊர் முறையில் ஒரு தடவை செஞ்சு பார்க்கட்டும். ருஸ்கியே சப்புன்னு இருந்தா மிளகு குறைவா போட்டிருக்காங்கன்னு அர்த்தம். இங்கே என் பக்கத்து வீட்டுப் பாட்டி மிளகு போடுறதைப் பார்த்தா நீங்களே போதும்னு சொல்வீங்க.

கிராக்கோவ் தம்பிக்கு, வாங்க வேண்டியது இவ்வளவுதான்.

மாவு: பையில் "தீப் 450" அல்லது "500"னு எண் இருக்கும். எண் ஏற ஏறத் தவிடு அதிகம். இந்த ரெண்டில் எதுவும் சரி.

உருளைக்கிழங்கு: கடையில் ஏ, பி, சி வகை எழுதியிருப்பாங்க. ஏ சாலடுக்கு, வெந்தாலும் கட்டியா நிக்கும். சி மாவு மாவா உதிரும். பூரணத்துக்கு சி, கிடைக்கலைன்னா பி.

த்வாருக்: ஆப்பு வடிவத்தில் காகிதம் சுத்திக் கிடைக்கும். கொழுப்பு முழுசா இருக்கிறது "த்வுஸ்தி", பாதி "புவ்த்வுஸ்தி", இல்லாதது "ஹூதி". ஹூதி வாங்காதீங்க, பூரணம் மணல் மாதிரி நறநறக்கும். டப்பாவில் வர்ற வழவழப்பான தயிர்க்கட்டியும் வேண்டாம், அது ரொட்டிக்குத் தடவுறது.

கிராக்கோவிலேயே இருக்கீங்க, ஸ்தாரி க்லெபாஷ் சந்தைக்குப் போயிடுங்க. த்வாருக், பீப்பாயில் ஊறின முட்டைக்கோஸ், உலர்ந்த காளான் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சனிக்கிழமையே முடிச்சுக்கங்க, பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் மூடியிருக்கும்.

பூரணம்: ஒரு கிலோ கிழங்குக்கு அரைக் கிலோ த்வாருக். கிழங்கு வெந்ததும் தண்ணியை ஒட்ட வடிச்சு, அதே பாத்திரத்தை ஒரு நிமிஷம் அடுப்பில் காட்டி ஈரத்தை விரட்டுங்க. சூட்டோட கையால மசிக்கணும். மிக்ஸியில் போட்டா பசையாயிடும். நல்லா ஆறினப்புறம் த்வாருக், வெண்ணெயில் சிவக்க வதக்கின பெரிய வெங்காயம் ரெண்டு, உப்பு, மிளகு. வாயில் வைக்கும்போது உப்பும் மிளகும் ஒரு மட்டம் கூடுதலா தெரியணும், மாவுக்குள்ளே போனதும் அடங்கிடும்.

மாவு பிசைய: அரைக் கிலோ மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு, ரெண்டு மூணு மேசைக்கரண்டி எண்ணெய், கால் லிட்டர் அளவு சுடுதண்ணி. கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூட, அதனால முதலில் கரண்டியால கிளறுங்க. முட்டை சேர்க்கிற வீடுகளும் உண்டு. எனக்குச் சேர்க்காத மாவுதான் மெத்துனு வருது. பிசைஞ்சு ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடணும். இதை அவசரத்தில் விட்டுட்டா, தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கிக்கிட்டே போகும்.

ரெண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சு, டம்ளரால வட்டம் வெட்டி, பூரணம் வச்சு, சோமாசிக்கு மடிக்கிற மாதிரி ஓரத்தை மடிச்சு அழுத்துங்க. ஓரத்தில் துளி பூரணம் ஒட்டினாலும் தண்ணியில் வாய் பிளந்திடும். உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமா போட்டு, மிதந்து வந்ததும் ரெண்டு மூணு நிமிஷத்தில் எடுத்துடலாம்.

வெண்ணெய் கருகுதுன்னா "மாஸ்வோ க்ளாரோவானெ" வாங்குங்க. பாட்டிலைத் திறந்தா தெரியும், நெய்யேதான்.

காரசாரம்

அக்கா, மிளகு விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா தொட்டுக்க ஒண்ணுமே இல்லாம முப்பது பியெரோகியை எப்படித்தான் சாப்பிடுறாங்க?

சிலேசியா_மாப்பிள்ளை

முப்பது யார் சாப்பிடச் சொன்னா, ஒரு தட்டுன்னா எட்டு பத்துதான் வரும்.

கட்டோவித்ஸேயில் பெண் எடுத்தவன் என்ற தகுதியில் இந்தத் தொட்டுக்கிற விவகாரத்துக்கு நான் பதில் சொல்றேன். இந்த நாட்டு உருண்டை, கொழுக்கட்டை வகையறா ரெண்டு சாதி. ஒண்ணு உள்ளே பூரணம் வச்சது. பியெரோகி அதில் சேரும். அது தானே ஒரு முழுச் சாப்பாடு. அதுக்குத் தேவை மேலே ஊத்துற கொழுப்பு, அதாவது வெண்ணெயோ வெங்காயமோ. பக்கத்தில் குடிக்கப் புளிப்பா ஏதாவது. பால் பாரில் வயசானவங்க தட்டைப் பாருங்க. ருஸ்கியே ஒரு தட்டு, கெஃபிர் (புளிச்ச பால் பானம்) ஒரு டம்ளர், அல்லது மஷ்லான்கா. மஷ்லான்கான்னா நம்ம மோர்தான், கொஞ்சம் கெட்டி. வாய்க்கு ஒரு கடி, தொண்டைக்கு ஒரு மடக்கு. இதைத் தெரியாம வெறும் தட்டை வச்சுக்கிட்டு "சப்பு"ன்னு சொல்றது நியாயமில்லை.

ரெண்டாவது சாதி பூரணம் இல்லாதது. கோபித்கா, க்ளுஸ்கி ஷ்லோன்ஸ்கியே. இதெல்லாம் நம்ம ஊர் சோத்து இடத்தில் இருக்கிறது. குழம்பும் காயும் இதோட கூட வந்தே ஆகணும். நீங்க தேடுற கூட்டு, பொரியல் எல்லாம் இந்தப் பக்கம் இருக்கு.

எங்க மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம்னா வேற பேச்சே இல்லை. முதலில் நூடுல்ஸ் போட்ட ரோசுவ் சூப்பு. பிறகு ரோலாதா (மாட்டிறைச்சிச் சுருள்), க்ளுஸ்கி, மோத்ரா கபுஸ்தா. நான் சைவம்னு தெரிஞ்ச பிறகு எனக்கு மட்டும் ரோலாதா இடத்தில் காளான் குழம்பு. சிலேசியாவில் மாப்பிள்ளை மரியாதைன்னா இதுதான்!

க்ளுஸ்கிக்கு அளவுக்கரண்டியே வேண்டாம். வேகவச்சு மசிச்ச கிழங்கைப் பாத்திரத்தில் அழுத்திச் சமமாக்குங்க. கத்தியால கூட்டல் குறி போட்டு நாலு பங்காக்கி, ஒரு பங்கை எடுத்து மத்ததுமேல வைங்க. காலியான மூலையில் அதே மட்டத்துக்கு "மோங்கா ஜெம்னியாச்சானா" கொட்டுங்க. அது உருளைக்கிழங்கிலிருந்து எடுத்த ஸ்டார்ச், கோதுமை மாவு இல்லை. ஒரு முட்டை, உப்பு, பிசைஞ்சு உருட்டி, நடுவில் கட்டைவிரலால ஒரு குழி. குழம்பு தங்கறதுக்குத்தான் அந்தக் குழி. தண்ணியில் மிதந்த ரெண்டு நிமிஷத்தில் தயார், வழவழன்னு இழுக்கும்.

கோபித்கா இன்னும் சுலபம். கிழங்கு ஒரு கிலோ, கோதுமை மாவு கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, ஒரு முட்டை. கயிறா உருட்டிச் சாய்வா வெட்டணும். மறுநாள் வெண்ணெயில் முறுகவிட்டா அன்னைக்கு வேற சமையல் வேண்டாம்.

மோத்ரா கபுஸ்தா ஊதா முட்டைக்கோஸ். மெல்லிசா சீவி, வேகவச்சு, ஆப்பிள், வெங்காயம், கொஞ்சம் வினிகர், சர்க்கரை. வினிகர் விழுந்ததும் நிறம் பளிச்சுன்னு சிவக்கும். கடையில் வாங்கினா பன்றிக்கொழுப்பு இருக்கலாம், வீட்டில் எண்ணெயில் செய்யுங்க.

மத்தபடி மிஸெரியா: வெள்ளரிக்காய் சீவி உப்புப் போட்டுப் பிழிஞ்சு, ஷ்மியெதானா (புளிப்புக் கிரீம்), சோயிக்கீரை, ஒரு சிட்டிகை சர்க்கரை. நம்ம பச்சடிக்கு ரொம்பத் தூரமில்லை.

யாழ்க்கிளி

நான் லண்டனிலை, ஹரோ பக்கம். 2004இலை போலந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கை வந்தாப்பிறகு இஞ்சை போலிஷ் கடையள் தெருவுக்குத் தெரு முளைச்சிட்டுது. எங்கட தமிழ்க் கடைக்குப் பக்கத்துக் கதவும் அவையின்ரதான். த்வாருக், ஷ்மியெதானா, புளிச்ச கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் அங்கை இருக்கு. சமைக்கப் பஞ்சியெண்டா குளிர்ப்பெட்டியிலை செய்து வைச்ச பியெரோகியும் இருக்கும். இருந்து சாப்பிட விருப்பமெண்டால் ஹமர்ஸ்மித் கிங் ஸ்ரீற்றிலை போஸ்க் எண்ட போலிஷ் கலாசார நிலையத்துக்குப் போங்கோ.

புளிச்ச கோவா வாங்கேக்கை ஒண்டு கவனியுங்கோ. போத்தலின்ரை பின்பக்கத்தை வாசியுங்கோ. கோவா, கரட், உப்பு மட்டும் இருந்தால் அது நொதிக்க வைச்சது. "ஓத்ஸெத்" எண்டு கிடந்தால் வினிகர் விட்டது, அதை வைச்சிட்டு மற்றதை எடுங்கோ.

அந்தக் கோவாவைப் பிழிஞ்சு, கரட்டும் ஒரு அப்பிளும் துருவிப்போட்டு, வெங்காயம் கொஞ்சம், எண்ணெய் கொஞ்சம் விட்டுப் பிரட்டினால் சுருஃப்கா. பத்து நிமிச வேலை. சிலேசியா மருமோன் சொல்லுற மாதிரி பியெரோகிக்குக் கூட ஒண்டும் தேவையில்லை எண்டதை நான் ஏற்கமாட்டன். எங்கட வீட்டிலை ருஸ்கியேயும் சுருஃப்காவும் சோடி. பிள்ளையள் சுருஃப்கா இல்லாட்டி தட்டைத் தொடாதுகள்.

சிலேசியா_மாப்பிள்ளை

அக்கா, பிள்ளைகள் சாப்பிடுதுன்னா நான் வாயே திறக்கல. ஆனா பால் பாரில் சுருஃப்காவுக்குத் தனி விலை, தனிக் கிண்ணம். அதைக் கேட்டாத்தான் வரும்னு கிராக்கோவ் நண்பர் தெரிஞ்சுக்கணும்.

கோவை_திரும்பி

வ்ரோத்ஸ்வாஃபில் படிச்சுட்டு ஊர் திரும்பிட்டேன். இங்கே த்வாருக்குக்கு எங்கே போக? பனீர் போட்டா அந்த ருசி வரலை.

வ்ரோத்ஸ்வாஃப்_அக்கா

வராது தம்பி. பனீர் எலுமிச்சையில் திரிச்சது, புளிப்பு எல்லாம் தண்ணியோட போயிடும். த்வாருக் பால் தானா புளிச்சு உறைஞ்சு, அதுக்கப்புறம் சூடு காட்டினது. நீங்க கொழுப்பெடுக்காத ரெண்டு லிட்டர் பாலைத் தயிராக்கி, நல்லாப் புளிக்க விடுங்க. கோவை வெயிலுக்கு வெளியில் ஒரு நாள் போதும். அந்தப் பாத்திரத்தை இன்னொரு சுடுதண்ணிப் பாத்திரத்தில் இறக்கி, சின்னத் தீயில், கிளறாம வைங்க. ஓரத்தில் பச்சைத் தண்ணி பிரிஞ்சு நடுவில் கட்டி மிதக்கும். கொதிச்சா ரப்பர் ஆயிடும், அதுக்கு முன்னாடியே இறக்கி மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுங்க. காலையில் எடுத்தா பிசிறு பிசிறா உதிரும். மாவுக்கு மைதா. கிழங்கு புதுசு வேண்டாம், பழசு.

கிராக்கோவ்_புதுசு

க்ரோத்ஸ்கா தெருக் கடைக்குப் போய்வந்தோம். "பெஸ் ஸ்க்வாரெக்" வேலை செஞ்சது! கூட கெஃபிர். மனைவி சமாதானம் ஆயிட்டாங்க.

அடுத்த கேள்வி. பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸ் முந்தின நாள் சாப்பாட்டுக்கு இப்பவே கூப்பிட்டிருக்காங்க. பீட்ரூட் சூப்பில் குட்டி பியெரோகி போடுவாங்களாமே. சைவமா இருக்குமா? நாங்க ஏதாவது செஞ்சு எடுத்துப் போகலாமா?

வார்சாவாசி

வருஷம் முழுக்க இந்த நாட்டில் நமக்கு மிக நிம்மதியான சாப்பாடு அதுதான். டிசம்பர் 24 ராத்திரி விகிலியா. வழக்கப்படி பன்னிரண்டு பண்டம், எதிலும் இறைச்சி இருக்காது. மீன் உண்டு, கெண்டையும் ஹெர்ரிங்கும் வரும், அதைத் தள்ளிக்கலாம். அன்னைக்கு வர்ற பியெரோகி "ஸ் கபுஸ்தோன் இ க்ஷிபாமி", புளிச்ச முட்டைக்கோஸும் காட்டுக் காளானும். நீங்க சொல்ற குட்டிக்குப் பேர் உஷ்கா, காளான் பூரணம். சின்னச் சதுரமா வெட்டி, முக்கோணமா மடிச்சு, ரெண்டு முனையையும் சேர்த்து ஒட்டுவாங்க. அதை பார்ஷ்ச் என்கிற தெளிவான பீட்ரூட் சூப்பில் போட்டுத் தருவாங்க. மத்த நாளில் உணவகத்துப் பார்ஷ்ச்சில் எலும்புச்சாறு இருக்கலாம், விகிலியா பார்ஷ்ச் காய்கறியிலும் காளானிலும்தான்.

எடுத்துப் போகணும்னா ஸாக்வாஸ் (பார்ஷ்ச்சுக்கு ஊத்துற, புளிக்கவச்ச பீட்ரூட் சாறு) செஞ்சு கொடுங்க, வீட்டம்மா மனசில் இடம் பிடிச்சிடுவீங்க. பீட்ரூட் ஒரு கிலோ தோல் சீவி நறுக்கி, கண்ணாடி ஜாடியில் பூண்டு நாலஞ்சு பல், பிரிஞ்சி இலை ரெண்டு, ஆல்ஸ்பைஸ் நாலஞ்சு மணி. கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, அயோடின் சேர்க்காதது. காய் முழுக்க மூழ்கணும், மேலே ஒரு சின்னத் தட்டால அழுத்தி வைங்க. துணி மூடி சமையலறையிலேயே அஞ்சாறு நாள். நுரை வந்தா எடுத்துடுங்க. பூஞ்சை பூத்தா மொத்தத்தையும் கொட்டிடணும், அதில் தயவு காட்டாதீங்க.

சூப்புக்கு: காரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர், காளான் ஊறவச்ச தண்ணி எல்லாம் கொதிக்க விட்டு வடிகட்டி, கடைசியில் ஸாக்வாஸ் ஊத்தணும். ஊத்தினப்புறம் கொதிக்கவே கூடாது. கொதிச்சா அந்தக் கருஞ்சிவப்பு போய்ப் பழுப்பாயிடும். மிளகு, மார்ஜோரம், கொஞ்சம் சர்க்கரை.

24ஆம் தேதி கடைக்குப் போகலாம்னு நினைக்காதீங்க. 2025 முதல் அது அரசு விடுமுறை. 23ஆம் தேதி வரிசையைப் பார்த்தா பயமா இருக்கும், 20க்குள் முடிச்சுடுங்க.

யாழ்க்கிளி

காளான் எந்த வகை வாங்கிறது? இஞ்சை ரெண்டு மூண்டு கிடக்கு.

வார்சாவாசி

"போரோவிக்" உயர்தரம், விலையும் அப்படித்தான். "பொத்க்ஷிபெக்" பாதி விலைக்குக் கிடைக்கும், நிறமும் மணமும் பூரணத்துக்குத் தாராளம். ராத்திரி முழுக்க ஊறவச்சு, அதே தண்ணியில் வேகவைங்க. வெள்ளைப் பட்டன் காளான் மட்டும் போட்டுச் செஞ்சா அது பார்க்கத்தான் உஷ்கா.

போலந்தில் இருக்கிறவங்களுக்கு: இலையுதிர் காலத்தில் சகஊழியர் காட்டுக்குக் கூப்பிட்டா போங்க, நல்லா இருக்கும். ஆனா பறிச்சதைச் சமைக்கும் முன்னாடி சானெபித் (அரசு சுகாதாரத் துறை) அலுவலகத்தில் காட்டுங்க. காளான் நிபுணர் இலவசமா பார்த்துச் சொல்வார். வெட்கப்பட ஒண்ணுமில்லை, உள்ளூர்க்காரங்களே கூடையோட நிப்பாங்க.

காரசாரம்

இனிப்புப் பியெரோகி பத்தி யாருமே பேசலையே.

சிலேசியா_மாப்பிள்ளை

ஜூலை, ஆகஸ்டில் யாகோதி வரும், காட்டு நீலப்பழம். பழத்தோட சர்க்கரையும் ஒரு சிட்டிகை ஸ்டார்ச்சும் கலந்து உள்ளே வச்சு, வெந்ததும் ஷ்மியெதானாவும் சர்க்கரையும் மேலே. இதையே மதியச் சாப்பாடா சாப்பிடுவாங்க. முதல் தடவை மாமியார் வீட்டில் இதை வச்சுட்டு வேற எதுவும் வைக்காதப்போ, சாப்பாடு எப்ப வரும்னு காத்திருந்தேன்.

அப்புறம் ஆகஸ்ட் நடுவில் கிராக்கோவின் மாவி ரினெக்கில் பியெரோகித் திருவிழா நடக்கும், கிராக்கோவ் நண்பருக்கு நடந்து போற தூரம். புனித யாத்ஸெக்குக்கும் பியெரோகிக்கும் ஒரு கதை இருக்கு: 1238இல் ஆலங்கட்டி மழையில் பயிர் படுத்துப்போக, அவர் வேண்டினதும் மறுநாள் நிமிர்ந்து நின்னதாம், ஜனங்க அந்த மாவில் பியெரோகி செஞ்சு படைச்சாங்களாம். திகைச்சுப்போனா "பியெரோகி வச்ச புனித யாத்ஸெக்கே!"ன்னு என் மாமியார் இன்னும் சொல்வாங்க.

கிராக்கோவ்_புதுசு

அக்கா அளவில் செஞ்சு ஐம்பதுக்கு மேல வந்திருச்சு. மிச்சத்தை எப்படி வைக்கிறது?

வ்ரோத்ஸ்வாஃப்_அக்கா

வேகவச்சதா, பச்சையா? வேகவச்சதுன்னா எண்ணெய் தடவி டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைங்க, ரெண்டு நாளுக்குள் வெண்ணெயில் ரெண்டு பக்கமும் சிவக்க விட்டுச் சாப்பிடணும். எங்க வீட்டில் இதுக்காகவே கூடுதலா செய்வோம். பச்சைன்னா தட்டில் மாவு தூவி, ஒண்ணோட ஒண்ணு படாம அடுக்கி ஃப்ரீசரில் வைங்க. கல்லானதும் பையில் போட்டுக்கலாம். சமைக்கும்போது உருக விடாதீங்க, அப்படியே கொதிக்கிற தண்ணியில் போடுங்க. அடியில் ஒட்டாம மரக்கரண்டியால ஒரு தடவை மெதுவாத் தள்ளிவிட்டாப் போதும்.